நாற்றத்தைப் பிடிக்கிறவள்

எங்கள் தொழிலில் ஒரு சரக்கு நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், அறையிலிருந்து ஏதோ ஒன்று காணாமல் போவதுதான்.

சரக்கின் பெயர் மாலிமைடு. வெள்ளைத் தூள். பார்த்தால் கோலமாவு என்று நினைப்பீர்கள். உலகத்தில் அதற்கு இருப்பது ஒரே ஓர் ஆசை. சில மூலக்கூறுகளின் நுனியில் கந்தகமும் ஹைட்ரஜனும் ஜோடியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தயால் என்போம். தயாலை எங்கே கண்டாலும் மாலிமைடு பாய்ந்து போய்க் கவ்விக்கொள்ளும். நம் உடம்பின் புரதங்களிலும் தயால் உண்டு. ஆகவே மருந்தையும் புரதத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்க நினைக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு எங்கள் தூள்தான் ஊசி, நூல் எல்லாம். பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனி அதைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு பேட்சையும் சோதித்து அனுப்புவது என் வேலை. அனுப்பியது சரியில்லை என்று கஸ்டமர் போன் செய்தால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் வேலை.

தயால் தொட்ட உடம்போடு பஸ் ஏறி, பக்கத்து சீட் மெதுவாகக் காலியாவதைப் பார்த்துப் பழகிய சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தயால் நாறும். சமையல் கேஸுக்குத் தனியாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று அதில் கலக்கிறார்களே ஒரு நாற்றம், அதுவும் ஒரு தயால். நான் சோதனைக்கு எடுப்பது அதன் பங்காளி. தினமும் சாயங்காலம் அந்த வாசனையோடுதான் காக்ஸ் டவுனில் என் வீட்டுக்குப் போகிறேன். வீட்டில் என் அக்கா பிலோமினாவைத் தவிர வேறு யாரும் இல்லை. அம்மா அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். நிஜமாகவே ஒருநாள் கேஸ் கசிந்தால் அக்காவுக்கு வித்தியாசம் தெரியுமா என்ற பயம், இந்த வேலையில் சேர்ந்த கையோடு எனக்கு வந்துவிட்டது. அது இன்றுவரை போகவில்லை.

லீக் எங்கே?

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிடயர் ஆனவள். எதையும் சந்தேகப்படுவாள், சந்தேகப்பட்டால் சும்மா இருக்கமாட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டுவிட்டாள். ஆள் வந்தார். சோப்புத் தண்ணீரைக் குழாய் முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒரு நுரைகூட வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போன், மறுபடியும் சோப்புத் தண்ணீர். என்னிடமிருந்துதான் வருகிறது என்று சொல்லியும் அவள் நம்பவில்லை. மனுஷ உடம்பில் இப்படியொரு நாற்றம் வருமா என்று கேட்டாள்.

மூன்றாவது முறை அந்த ஆள் சோப்பைத் தொடவே இல்லை. சமையலறை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மூக்கை நீட்டிக்கொண்டு மெல்ல நடந்தார். அடுப்பைத் தாண்டினார், சிலிண்டரைத் தாண்டினார், ஹாலுக்கு வந்தார், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்று கண்ணைத் திறந்தார். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, கேஸ் லீக் ஆகல. உங்க தங்கச்சிதான் லீக் ஆகறாங்க."

பாடி எங்கே?

பேட்ச் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல எங்களிடம் மெஷின் இருக்கிறது. ஆனால் மெஷினுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. சேஃப்டி ஆபீசருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். இரண்டு குப்பியில் தயால் எடுப்போம். ஒன்றில் மட்டும் மாலிமைடைக் கரைத்து ஊற்றுவோம். கொஞ்சம் பொறுத்து, குப்பியின் வாய்க்கு மேலே கையால் லேசாக விசிறி, வருகிற காற்றை முகர்ந்து பார்ப்போம். நாற்றம் போயிருந்தால் சரக்கு தேறியது. இதற்கு எங்களுக்குள் மூக்கு ரிப்போர்ட் என்று பெயர்.

ஆனேகல்லிலிருந்து புதிதாகச் சேர்ந்த புஷ்பலதாவுக்கு முதல் தடவை நான்தான் காட்டிக்கொடுத்தேன். கன்னடக்காரப் பெண், ஹாஸ்டல் தோழிகளிடம் தமிழ் கற்றவள். சாதாரணமாக வாசனைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். இது அப்படியில்லை. ஒரு மூச்சில் இருந்தது, அடுத்த மூச்சில் இல்லை. இருட்டறையில் நம்மோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டால் எப்படியிருக்கும், அப்படி. புஷ்பலதா தன்னையறியாமல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்கேயும் போகவில்லை, மாலிமைடும் தயாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இந்தத் தண்ணீருக்குள்ளேதான் இருக்கின்றன, பிடிபட்ட தயாலுக்கு மணம் கிடையாது என்று விளக்கினேன். அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. கேட்டாள்: "நாத்தம் செத்துப் போச்சு, சரி மேடம். பாடி எங்கே?"

ரேகை இல்லாத கை

மாலிமைடின் வாலில் ஒளிரும் சாயத்தைக் கட்டியும் விற்கிறோம். அது எதைப் பிடித்ததோ அந்த இடம் நீல வெளிச்சத்தில் பச்சையாகப் பளிச்சிடும். ஊருக்குள் ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. எதுவும் ஒட்டக்கூடாத மாதிரிகளெல்லாம் ஒளிர்கின்றன, உங்கள் சாயம் மோசம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. நேரில் போனேன். விளக்கை அணைக்கச் சொல்லி நீல டார்ச்சை அடித்தேன்.

அறை முழுக்கக் கைகள். ஃபிரிட்ஜ் கதவில், குழாயில், இழுப்பறையில், டெலிபோனில், ஸ்விட்சைச் சுற்றிச் சுவரில். ஐந்து விரலும் உள்ளங்கையும் முழுசாகப் பதிந்த பச்சைக் கைகள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றில்கூட ரேகை இல்லை, வழவழவென்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிற எல்லோரும் கையை நீட்டினார்கள். யார் கையும் ஒளிரவில்லை. நம் தோலிலும் தயால் இருக்கிறது. சாயம் வெறும் கையில் பட்டிருந்தால் தோலைக் கவ்வியிருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போயிருக்காது. பிறகு எனக்கு உறைத்தது: க்ளவ்ஸ். யாரோ க்ளவ்ஸ் கையில் சாயத்தைக் கொட்டிக்கொண்டு, அதைக் கழற்றாமல் லேப் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார்கள். க்ளவ்ஸ் போட்டவுடன் தன் கை சுத்தம் என்று நினைத்து உலகத்தையே தொடுவது எங்கள் ஜாதிக்கே உரிய புத்தி. சொன்னதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது, சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டார்ச்சை அணைக்கப்போகும் நேரத்தில் வெளிச்சம் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் விழுந்தது. வலது தோளில் ஒரு பச்சைக் கை. விரல்கள் முன்பக்கம், கட்டைவிரல் முதுகுப்பக்கம். நெருங்கிப் பின்னால் நின்று ஒருவர் ஆறுதலாகக் கை வைத்தால் எப்படிப் பதியுமோ அப்படி. அவர் கழுத்தைத் திருப்பி அதை வெகுநேரம் பார்த்தார். "க்ளவ்ஸ்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். ஆனா என் பக்கத்துல யாரும் அப்படி வந்து நிக்கற ஆளுங்களே இல்லையே, மேடம்."

தூக்கிக்கொண்டு திரிகிறவன்

மாலிமைடு பிடித்தால் விடாது என்று எங்கள் விளம்பரத்தில் போடுகிறோம். முழு உண்மை அதில்லை. சில சமயம், ரத்தத்துக்குள் போன பிறகு, மெதுவாகப் பிடியை விடும். விட்டதும் சும்மா இருக்காது, பக்கத்தில் வருகிற வேறொரு புரதத்தின் தயாலைப் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கட்டிய பிறகு முடிச்சை இறுக்க வழி இருக்கிறது, கரைசலின் காரத்தன்மையைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் போதும். கஸ்டமர்கள் அந்தப் படியைத்தான் தவறாமல் விட்டுவிடுவார்கள்.

செந்தில் என்று ஒரு கோயமுத்தூர்க்கார விஞ்ஞானி. கோபத்திலும் மரியாதை குறையாத மனுஷர். எங்கள் மாலிமைடால் மருந்தை ஒரு புரதத்தில் கட்டி எலிகளுக்கு ஏற்றியிருந்தார். சில நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், கட்டி அனுப்பிய புரதம் வெறுங்கையோடு சுற்றுகிறது, மருந்து எலியின் சொந்தப் புரதத்தின்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் விடுவதையும் பிடிப்பதையும் முடிச்சை இறுக்குவதையும் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. கடைசியில் குரலை இறக்கிச் சொன்னார்: "சாமான் நம்முளுதுதானுங்க மேடம். அதைத் தூக்கிட்டுத் திரியற ஆளு யாருன்னுதான் தெரியலைங்க."

செத்த மூக்கு

ஒருநாள் மூக்கு ரிப்போர்ட் பார்க்கும்போது குப்பியை முகர்ந்துவிட்டு, பாஸ் என்றேன். புஷ்பலதா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நான் எடுத்தது மாலிமைடு ஊற்றாத குப்பி. மறுபடியும் முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் காபி மணந்தது, முட்டைப் பொரியல் மணந்தது. தயால் மட்டும் எனக்கு இல்லாமல் போய்விட்டது. தினம் வருகிற விருந்தாளியை மூக்கு சொல்லாமல் விட்டுவிடும், கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தால் திரும்ப வரலாம் என்றார் டாக்டர். ஒதுங்கியிருந்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அன்று பஸ்ஸில் எனக்கு வேறு கவலை. இனி வீட்டில் இருப்பது ஒரு மூக்குதான். அந்த மூக்கோ என் வாசனையைக் காலிங் பெல்லாக ஆக்கிவைத்திருக்கிறது. அக்கா ஹாலில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீரியல் பார்ப்பாள். வாசனை வந்தவுடன் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைப்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணீர் சுட ஆரம்பித்திருக்கும். அந்த நாற்றம் வந்தால் உலகமே அடுப்பை விட்டு ஓடும், இவள் மட்டும் அடுப்பைத் தேடிப் போகிறாள். கேஸ் அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம், அது வாசனையைப் பார்க்காது, கேஸை மட்டும்தான் பார்க்கும் என்று கெஞ்சினேன். அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது நீ, எது கேஸுன்னு எனக்குத் தெரியாதா? உன்னைத் தூக்கி வளர்த்தவடி நான்."

கேட்டில் நிற்கிறேன்

வெளிநாட்டு கஸ்டமர்கள் எங்கள் ஃபேக்டரியைச் சோதிக்க வந்த வாரம் அது. வாரம் முழுக்க நான் ஏசி ரூமில் நல்ல சேலை கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். லேப் பக்கமே போகவில்லை. தயாலெல்லாம் புஷ்பலதாவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் சில்க் போர்டு சிக்னலில் வழக்கம்போல வேர்விட்டு நின்றிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி ரோசி, வந்தவ ஒரு வார்த்தை சொல்லிட்டு ரூமுக்குப் போகக் கூடாதா? கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றே? கூப்பிடக் கூப்பிட பதிலே இல்ல. லைட்டரை எங்கே வெச்சே?"

ஹாலிலிருந்து ரூமுக்குப் போன் செய்வது எங்கள் வீட்டில் சகஜம். அடிக்கடி எழுந்து வர அவளுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. நான் சிரித்துக்கொண்டே, "நான் இன்னும் சில்க் போர்டுலதான் இருக்கேன்க்கா" என்றேன்.

"சும்னே விளையாடாதே. அதான் வாசனை வருதே. இன்னிக்கு ரொம்பவே வருது. டீக்குத் தண்ணி வெச்சுட்டேன், லைட்டரைத்தான் காணோம்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சேலையை எடுத்து முகர்ந்தேன். என் மூக்கை வைத்து என்ன பிரயோஜனம்? ஆனால் வாரம் முழுக்க நான் எதையும் தொடவில்லை. என் வாசனை அந்த வீட்டில் இருக்க வழியே இல்லை.

"அக்கா, அது நான் இல்ல. கேஸ். அடுப்பைத் தொடாதே. லைட்டு, ஃபேன், எந்த ஸ்விட்சையும் தொடாதே. அப்படியே வெளிய போயிடு."

அக்கா ரகசியம் பேசுகிற குரலில் கேட்டாள்: "நீ சில்க் போர்டுல இருந்தா, உன் ரூமுக்குள்ள நடமாடறது யாரு?"

"யாரும் இல்லக்கா. நீ வெளிய போ."

"சத்தம் கேக்குதுடி. உன் கட்டில்கிட்ட."

அவள் எழுந்து நடப்பது கேட்டது. கதவைத் தட்டுவது கேட்டது. என் ரூம் சமையலறையை ஒட்டி இருக்கிறது, அவள் போய்க்கொண்டிருந்தது கேஸ் இருக்கிற திசைக்கு. நான் பஸ் என்றும் பார்க்காமல் கத்தினேன். அக்கா என்னிடம் பேசவில்லை, கதவோடு பேசினாள். "ரோசிம்மா, கதவைத் திறடா. யாரோ போன்ல உன்னை மாதிரியே பேசறாங்க. எனக்கு பயமா இருக்கு."

"அக்கா, சத்தியமா நான்தான் பேசறேன். வெளிய வா!"

"என் தங்கச்சி உள்ள இருக்கா. அவளை விட்டுட்டு நான் எப்படி வெளிய வருவேன்?"

இத்தனை வருஷம் நான் வந்துவிட்டேன் என்று அவளுக்குச் சொன்னது என் குரல் இல்லை, அந்த நாற்றம். இப்போது இரண்டில் ஒன்றை நம்பு என்றால் அவள் எதை நம்புவாள்? போனிலிருக்கும் நான் எத்தனை கதறினாலும் அவளுக்கு யாரோ ஒருத்திதான். என் அக்கா சாகப்போகிறாள், அதுவும் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. நான் அழுகையை விழுங்கிக்கொண்டு, அவள் நம்புகிற ரோசியாக மாறினேன்.

"ஆமாக்கா, ரூம்ல இருந்தது நான்தான். பின்கதவு வழியா வெளிய வந்துட்டேன். கேட்டுல நிக்கிறேன். கால்ல கண்ணாடி குத்திடுச்சுக்கா, ரத்தமா வருது. சீக்கிரம் வா."

"ஐயோ" என்றாள். ஏதோ பாத்திரம் விழுந்தது. போன் கட் ஆகிவிட்டது.

எதிர்வீட்டு தாமஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ஓடிப்போய் சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். குழாயை எலி கடித்து வைத்திருந்தது. ரூமில் கேட்ட சத்தத்துக்கும் அதுதான் காரணம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். டிரைவர் சலீம் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் எங்கள் தெருமுனைவரை பஸ்ஸைக் கொண்டுவந்து விட்டார்.

அக்கா தாமஸ் அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்து அழுதேன். அவள் குனிந்து என் கால்கள் இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தாள். காயத்தைக் காணாமல் திகைத்தாள்.

"பொய் சொன்னேன்க்கா" என்றேன். "உன்னை வெளியே வரவைக்கத்தான் சொன்னேன். நான் இங்க இல்லவே இல்ல. இப்போதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வர்றேன்."

தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். நான் தாமஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த ரப்பர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னாள்: "என்னடி உளர்றே? கேட்டுல ஒத்தைக் கால்ல நின்னுட்டிருந்தியே. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு இந்த வாசல்வரைக்கும் நொண்டி நொண்டி நடந்து வந்தியே."

மற்ற வேலை பார்க்கிறவர்களுக்குக் கடைசியில் முதுகுவலி மிஞ்சும், சர்க்கரை மிஞ்சும். எனக்கு மிஞ்சியிருப்பது, சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டாமல் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்கிற இன்னொரு ரோசி.